மூன்றாவது சிரிப்பு

பஃபலோ
ஜனவரி 17, 1974

டேய் க்ளெம்,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உனக்கு ஒன்பது வயது. சமையலறை மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு பிஷப் மாதிரி பேசிக் காட்டினாய். நான் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "இந்தப் பயல் ஒருநாள் பெட்டிக்குள்ள போவான்" என்றேன். உன் அம்மா சவப்பெட்டி என்று நினைத்துக் கரண்டியால் என் முழங்கையில் போட்டாள். நான் சொன்னது டிவி பெட்டி. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வேண்டுமென்றால் படம் எடுத்து அனுப்புகிறேன், உங்கள் ஊர்ப் பத்திரிகைக்காரர்களிடம் காட்டு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உன் பேட்டியைப் பவுலிங் கூடத்தில் எல்லோருமாகப் பார்த்தோம். பதினாறு தடத்தின் இயந்திரங்களையும் நானே நிறுத்திவிட்டேன். கட்டை விழுகிற சத்தம் இருந்தால் நீ பேசுவது யாருக்குக் கேட்கும்? முதலாளி முறைத்தார். "என் அண்ணன் மகன் நாடு முழுக்கப் பேசிக்கிட்டிருக்கான், உம்ம கட்டை கொஞ்சம் நிக்கட்டும்" என்றேன். அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நகைச்சுவைக்கு எப்படி வந்தீர்கள் என்று அந்த ஆள் கேட்டதும் நீ உன் அப்பா கதையை எடுத்தாய். வீட்டில் ஒருநாளும் சிரிக்காத மனிதர். ஒரே ஒரு தடவை, 1953-ல், தம்பி ப்ரூனோவோடு நியூயார்க் போய் ஹாப் டாய்ல் நிகழ்ச்சியில் பார்வையாளராக உட்கார்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு பதிவாகி, இன்றைக்கும் ஏதோ ஒரு ஸ்டூடியோவின் சிரிப்புப் பெட்டியில் உயிரோடு இருக்கிறது. அதைத்தான் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் காது கொடுத்துத் தேடுகிறேன் என்றாய். 'கடைசி நிறுத்தம்' தொடரின் இந்த வருஷத்துக் கடைசிப் பகுதி அந்தச் சிரிப்போடு முடியும், வேறு சத்தமே இருக்காது என்றாய். பீர் வண்டி ஓட்டுகிற தடியன்கூடத் தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வருஷத்தை எதற்குச் சொன்னாய்? என் பேரை எதற்குச் சொன்னாய்? வீட்டுக் கதையை வீட்டில் வைத்துக்கொள்ளத் தெரியாதா? அது உன் யோசனையாக இருக்காது. உன் பின்னால் ஒரு வழுக்கைத் தலை நின்று தலையாட்டிக்கொண்டே இருந்ததே, அவனுடைய யோசனை. பிலார்ஸ்கி என்ற பேரைப் பார்க்கர் என்று வெட்டியவனும் அவன்தான் என்று என் சந்தேகம்.

இன்னொன்று. உன் தொடரில் பஸ் ஓட்டுநரின் சித்தப்பா ஸ்டாஷ் என்று ஒருவன் வருகிறானே, எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு தனியாகச் சிரித்து, உடைந்த பல் வழியாக விசில் விடுகிறானே, அவன் யார்? இங்கே எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். எனக்குப் பல் உடைந்திருப்பது உண்மை. ஆனால் நான் தாமதமாகச் சிரிப்பவன் இல்லை. பாய்லர் பட்டறையில் பதினோரு வருஷம் ஆணி அடித்ததில் இடது காது மட்டும் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். வலது காதில் கொசு நடப்பது கேட்கும்.

உன் சித்தப்பா,
ப்ரூனோ பிலார்ஸ்கி
தலைமை இயந்திர நிபுணர்

*

பர்பேங்க்
ஜனவரி 25, 1974

அன்புள்ள சித்தப்பா,

நம் கூடத்தில் இயந்திரம் பார்க்கிறவர் நீங்கள் ஒருவர்தான். ஒருவருக்கு எதற்குத் தலைமை?

ஸ்டாஷ் நீங்கள் இல்லை. எழுதுகிறவர்கள் ஐந்து பேர், ஐந்து பேருக்கும் ஒரு சித்தப்பா இருக்கிறார். வழுக்கைத் தலை என் மேனேஜர். வருஷத்தைச் சொன்னது நான்தான். உங்கள் பேரைச் சொன்னது பெருமைக்காக. நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நினைக்கவில்லை. தன் பேரை நாடே கேட்டதற்குக் கோபப்படும் ப்ரூனோ பிலார்ஸ்கியை இன்றுதான் முதல் முதலாகப் பார்க்கிறேன். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஒரு வேலை இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். இங்கே லிண்ட்குவிஸ்ட் என்று ஒருவர். பார்வையாளர்கள் போதுமான அளவு சிரிக்காத இடங்களில் பழைய சிரிப்பை எடுத்து ஒட்டுவது அவர் தொழில். சக்கரம் வைத்த பூட்டிய பெட்டியோடு வருவார். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, போர்வைக்கு அடியில் கையை விட்டுச் சாவிகளை அழுத்துவார். பியானோவில் விரல் ஓடுகிற மாதிரி பெண்கள் சிரிப்பார்கள், கிழவர்கள் சிரிப்பார்கள், ஒரு குழந்தை கிக்கிக் என்னும். உள்ளே என்ன இருக்கிறது என்று எவருக்கும் காட்டமாட்டார். ஆனால் என் பேட்டியைப் பார்த்துவிட்டு அவரே வந்தார். ஐம்பதுகளில் எடுத்த ஒலி நாடாக்களில் ஹாப் டாய்ல் நிகழ்ச்சியும் உண்டாம். எந்த மாதம், எந்த ஜோக் என்று சொன்னால் தேடித் தருகிறேன் என்றார்.

இன்னொருத்தியும் கேட்கிறாள். லொரைன் டேசி என்று ஒரு பத்தி எழுத்தாளர். செத்துப்போன அப்பாவை நான் விற்கிறேன் என்று அவளுக்கு எண்ணம். கதையில் ஒரு ஓட்டை கிடைத்தால் அதில் கையை விட்டு என்னை உரித்துவிடுவாள். ஒளிபரப்பு மார்ச் 19.

அவளுக்காக மட்டும் கேட்கவில்லை. அப்பாவின் அடக்கத்தன்று கோட்டு மாட்டுகிற அறையில் வைத்து நீங்கள் சொன்ன ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் இருபது வருஷமாக மேடையேறுகிறேன். என்னைப் பார்த்துச் சிரிக்காவிட்டாலும் சிரிக்கத் தெரிந்த மனிதர் அவர் என்ற ஒரு வாக்கியம். அதனால் மாதம், ஜோக், நாற்காலி, எல்லாவற்றையும் எழுதுங்கள். அலங்காரம் வேண்டாம். போனில் கேட்கலாம் என்றால், நான் கூப்பிடும்போதெல்லாம் நீங்கள் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போய்விடுகிறீர்கள்.

க்ளெம்

*

பஃபலோ
பிப்ரவரி 2, 1974

டேய் க்ளெம்,

அலங்காரம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். நான் என்றைக்கு அலங்காரம் செய்தேன்? நடந்ததை நடந்தபடி சொல்கிறவன் என்றுதான் இந்த ஊரில் எனக்குப் பேர்.

1953 மார்ச், பட்டறைச் சங்கத்து ஆட்கள் முப்பத்தெட்டு பேர், ஒரு பஸ். சிரக்யூஸ் தாண்டியதும் பனி கொட்டியது. ஓட்டுநர் மயங்கி விழுந்தார். பஸ்ஸில் இருபது பேர் ஜெபம் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் மட்டும் போய் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். ஆல்பனி வரை நான்தான் ஓட்டினேன், இரண்டு லாரியை முந்தினேன். அங்கே ஆஸ்பத்திரியில் ஓட்டுநருக்கு ஊசி போட்ட நர்ஸ் என்னை விட்டுப் போக மாட்டேன் என்றாள். அது வேறு கதை.

ஸ்டூடியோவில் முதல் வரிசை. ஹாப் டாய்ல் ரயில் நிலையத்தில் நிற்கிற மாதிரி வந்தான். டிக்கெட் கொடுப்பவனிடம், "ஆல்பனிக்கு அடுத்த ரயில் எப்ப?" என்கிறான். "இப்பப் போச்சே, அதான் அடுத்தது." "அது போயிருச்சுய்யா, நான் அடுத்ததைக் கேக்குறேன்." "நீர் வரிசையில நின்னப்ப அதானே அடுத்தது? அப்பவே கேட்டிருக்கணும்." கூட்டம் கூரை இடிகிற மாதிரி சிரித்தது. உன் அப்பா மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். எல்லோரும் சிரித்து முடித்து மூக்கைத் துடைத்துக்கொள்கிறார்கள். அப்போது வந்தது பார். இரண்டு விக்கல், அப்புறம் நீளமாக ஒரு விசில். கூடமே திரும்பியது. ஹாப் டாய்ல் பேச்சை நிறுத்திவிட்டு, "இதோ வந்துருச்சுய்யா அடுத்த ரயில்" என்றான். அதற்கு இன்னொரு சிரிப்பு. முடிந்ததும் அவனே மேடையிலிருந்து இறங்கி வந்து என் கையைக் குலுக்கி, "உங்க முகத்துக்கு நீங்க மேல இருக்கணும், நான் கீழ இருக்கணும்" என்றான்.

அந்த டேசி கூடத்துக்கே போன் செய்துவிட்டாள். நான் எடுத்து, ப்ரூனோ ஊரில் இல்லை என்றேன். நீங்கள் யார் என்றாள். இயந்திரம் என்றேன். அவள் விடவில்லை. வாய்க்குள்ளேயே பேசுகிற பெண். உன் அப்பா பஸ்ஸில் வந்தாரா என்று கேட்டிருக்கிறாள் போல. பஸ்ஸை ஓட்டினது யார் என்று கேட்கிறாள் என நினைத்து, ஆல்பனி வரை நான்தான் என்று சொல்லிவிட்டேன். வைத்த பிறகு பக்கத்தில் நின்ற பீர் வண்டிக்காரன்தான் அவள் கேட்டது என்ன என்று சொன்னான். அவனுக்கு எப்படிக் கேட்டது? ரிசீவரை ஒட்டி நின்றிருக்கிறான். அவனை இனிமேல் கவனிக்க வேண்டும்.

உன் லிண்ட்குவிஸ்ட்டையும் கவனி. போர்வைக்கு அடியில் கையை வைத்து வேலை செய்கிறவனை எங்கள் பட்டறையில் உள்ளே விடமாட்டோம். ஏதோ ஒரு கிழவன் இருமியதை எடுத்து இதுதான் உன் அப்பா என்று உன் தலையில் கட்டிவிடுவான். கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வேறு முடிவு வைத்துக்கொள். ஸ்டாஷ் பஸ்ஸிலிருந்து விழட்டும். ஜனங்கள் அதற்கும் சிரிப்பார்கள்.

ப்ரூனோ

*

பர்பேங்க்
பிப்ரவரி 12, 1974

சித்தப்பா,

டேசியின் பத்தியை வெட்டி வைத்திருக்கிறேன். "திரு பார்க்கரின் குடும்பத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு இயந்திரம், பஸ்ஸைத் தானே ஓட்டியதாகத் தெரிவித்தது." ஸ்டூடியோ முழுக்க இதைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

சிரிப்பு வரத்தான் செய்தது. அதன் பிறகு உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு என்கிறீர்களே, ஏன்? அண்ணனுடைய சிரிப்பு கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டியவர் நீங்கள்தானே? ஸ்டாஷ் பஸ்ஸிலிருந்து விழலாம் என்பதற்குக்கூட ஒத்துக்கொள்கிறீர்கள். போன மாதம் அந்த ஆளுக்காக என்னோடு சண்டை போட்டீர்கள்.

நேற்று அம்மாவுக்குப் போன் செய்தேன். "உங்கப்பா பக்கத்து ராச்செஸ்டரைத் தாண்டினதே இல்லடா. அந்த ப்ரூனோ பேச்சைக் கேட்டா டிவியில பேசின?" என்றாள். அம்மாவுக்கு மறதி என்று எழுதிவிடாதீர்கள். எனக்கும் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. 1953 மார்ச்சில் அப்பாவின் காலில் மாவுக்கட்டு. பிப்ரவரி கடைசியில் கோயில் படியில் வழுக்கி விழுந்தார். ஈஸ்டர் தாண்டித்தான் பிரித்தார்கள். அந்தக் கட்டின் மேல் பென்சிலால் நான் ஒரு மீன் வரைந்தேன், அதற்கும் அவர் சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட காலோடு எட்டு மணி நேரம் பஸ்ஸில் எப்படி உட்கார்ந்தார்? முதல் வரிசையில் காலை எங்கே நீட்டினார்?

அந்த ரயில் ஜோக் எனக்கு நன்றாகவே தெரியும். ஊரிலிருந்து வந்து நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அந்த ஈஸ்டரன்று சாப்பாட்டு மேசையில் நான் அதை நடித்தே காட்டினேன், டிக்கெட்காரனுக்கு ஒரு குரல், பிரயாணிக்கு ஒரு குரல். எல்லோரும் சிரித்தீர்கள். அப்பா துணியால் வாயைத் துடைத்தார், ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டார். கோட்டுகூடப் போடவில்லை. சாப்பாடு முடியும்வரை திரும்பி வரவில்லை. என் அப்பாவையும் சிரிப்பையும் சேர்த்து எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நான் ஜோக் சொன்னேன், அவர் எழுந்து போனார். நீங்கள் சொன்ன நியூயார்க் கதை இல்லையென்றால் எனக்கு மிச்சம் அந்தக் காலி நாற்காலிதான்.

லிண்ட்குவிஸ்ட் அந்த மாதத்து நாடாக்களிலிருந்து தாமதமாக வந்த சிரிப்புகளாக நான்கை எடுத்திருக்கிறார். ஒரு நாடாவில் வரிசையாகப் பதிந்து இதோடு அனுப்புகிறேன். கேளுங்கள். எந்த எண் என்று மட்டும் எழுதுங்கள்.

க்ளெம்

*

பஃபலோ
பிப்ரவரி 21, 1974

க்ளெம்,

நாடா வந்தது. பங்குச் சாமியாரிடம்தான் அதை ஓட்டுகிற கருவி இருக்கிறது. கோயிலின் உள்ளறையில் வைத்துக் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்டார், நான் சொல்லவில்லை. அவருக்குச் சந்தேகம்.

மூன்றாவது.

மாதம் ஏப்ரலாக இருக்கலாம். மாவுக்கட்டு எனக்கு ஞாபகம் இல்லை. உன் அம்மாவுக்கு நான் எது சொன்னாலும் பிடிக்காது.

இங்கே குளிர். ஏழாவது தடத்தில் பந்து சிக்கிக்கொண்டிருக்கிறது, போக வேண்டும்.

ப்ரூனோ

*

பர்பேங்க்
மார்ச் 1, 1974

சித்தப்பா,

ஒரு நர்ஸ் இல்லை, ஒரு லாரி இல்லை, யாரும் உங்கள் கையைக் குலுக்கவில்லை. கூடத்தில் பந்து சிக்கினாலே நான்கு பக்கம் எழுதுகிறவர் நீங்கள். எனக்கு நினைவு தெரிந்து இத்தனை சின்னக் கடிதம் நீங்கள் எழுதியதில்லை. பொய் சொல்லும்போது நீங்கள் நீளமாகச் சொல்வீர்கள். அதனால் இது எனக்குப் பயமாக இருக்கிறது.

மூன்றாவது என்று நீங்கள் எழுதுவதற்கு முன்பே எனக்கும் அதுதான் என்று தெரியும். விசில் முடிந்ததும் பின்னால் தேய்ந்துபோன குரலில் "...அடுத்த ரயில்" என்று கேட்கிறது. ஹாப் டாய்ல். நீங்கள் எழுதியது எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. முழுக்கப் பொய் சொல்கிறவராக இருந்தால் உங்களோடு காலம் தள்ளுவது எளிது. பாதி நிஜத்தை உள்ளே போட்டுத் தைத்துவிடுகிறீர்கள், எந்தப் பாதி என்று தேடியே எனக்கு வயதாகிவிட்டது.

நேற்று ஒத்திகையில் அதைப் போட்டுக் காட்டினோம். ஸ்டாஷாக நடிக்கும் ஆள் காபிக் கோப்பையோடு வந்து நின்றார். முழுக்கக் கேட்டுவிட்டு, "என் சிரிப்பை எப்பய்யா பதிவு பண்ணினீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை அந்த ஆளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். முதல் வருஷம் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார வைத்து, விக்கல் இங்கே, விசில் இங்கே என்று சொல்லிக்கொடுத்தேன். யாரைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தேன் என்று உங்களுக்கும் தெரியும். ஸ்டாஷ் நீங்கள் இல்லை என்று ஜனவரியில் எழுதினேனே, அது என் பங்குப் பொய்.

அண்ணன் தம்பிக்கு ஒரே சிரிப்பு இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். லிண்ட்குவிஸ்ட் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பாமலே பேசினார். ஏழு வருஷத்தில் அவர் என்னிடம் இத்தனை பேசியதில்லை. "இது காது கேக்காதவங்க சிரிப்பு. அவங்க மேடையைப் பாக்க மாட்டாங்க. முன்னால இருக்கறவங்க தோளைப் பாப்பாங்க. தோள் குலுங்கி நின்ன பிறகுதான் இவங்க ஆரம்பிப்பாங்க. எங்கிட்ட இந்த மாதிரி பத்துப் பன்னெண்டு இருக்கு" என்றார்.

அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்டது, சித்தப்பா. அடுத்த அறையில் நான் சாமியாரைப் போலப் பேசினால் அங்கிருந்தே அதட்டுவார்.

கடைசிப் பகுதியின் சத்தத்தை 13-ஆம் தேதி ஒட்டுகிறார்கள். அதற்கு முன் எழுதுங்கள். டேசி என்ன எழுதினாலும் தாங்கிக்கொள்வேன். அந்த நாற்காலியில் யார் இருந்தார்கள்?

க்ளெம்

*

பஃபலோ
மார்ச் 6, 1974

டேய் க்ளெம்,

அந்த லிண்ட்குவிஸ்ட் கெட்டிக்காரன். எங்கள் பட்டறைக்கு வந்திருந்தால் மேஸ்திரியாகியிருப்பான்.

எழுதுகிறேன். பாதியில் எங்காவது நர்ஸ் வந்தால் மன்னித்துக்கொள், கை பழகிவிட்டது.

எனக்கு இரண்டு காதும் போய்விட்டது, ஒட்டி வைத்துப் பேசினால் வலதில் மட்டும் கொஞ்சம் விழும். இன்று நேற்றல்ல, 1948-லேயே. பட்டறையில் தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. உன் அப்பாவுக்கு மட்டும் தெரியும். எங்கே போனாலும் என் வலது பக்கத்தில் உட்கார்ந்து, கோயிலில் பிரசங்கமாக இருந்தாலும் சரி, சங்கத்துக் கூட்டமாக இருந்தாலும் சரி, வாயை அதிகம் அசைக்காமல் எனக்கு மறுபடி சொல்வான். அவன் முகம் கல் மாதிரி இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்களே, பாதி அதனால்தான். ஒவ்வொரு ஜோக்கையும் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியவனுக்குச் சிரிக்க எங்கே நேரம்?

நியூயார்க்குக்கு இரண்டு சீட்டு வாங்கியவன் அவன்தான். அப்புறம் கால் போய்விட்டது. நானும் போகவில்லை என்றேன். "நீ போ. மத்தவன் தோளைப் பாத்துச் சிரி. வந்து எனக்குச் சொல்லு" என்றான். முதல் வரிசை என்று எழுதியது பொய், ஏழாவது வரிசை. முதல் வரிசையில் உட்கார்ந்தால் யார் தோளைப் பார்ப்பது? பக்கத்து நாற்காலியில் என் கோட்டை மடித்து வைத்திருந்தேன். ஜோக் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோள்கள் குலுங்கின, நின்றன, நான் ஆரம்பித்தேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஹாப் டாய்ல் ஏதோ சொன்னான். ஜோக்கையும் அவன் சொன்னதையும் பஸ்ஸில் வரும்போது இன்னொருவனைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். டாய்ல் என் கையைக் குலுக்கவில்லை. பஸ்ஸையும் நான் ஓட்டவில்லை. ஓட்டுநர் ஒருதடவை தும்மினார், அவ்வளவுதான். இதையெல்லாம் நான் பொய் என்று கணக்கில் சேர்ப்பதில்லை, சோற்றுக்கு உப்பு போடுகிற மாதிரி.

இத்தனை வருஷமாக யாரிடமும் பெருமையடித்துக்கொள்ளாத ஒரே விஷயம் இது. நான் யாரென்று உனக்குத் தெரியும். இந்த நாட்டில் எந்த டிவியைத் திறந்தாலும் என் சிரிப்பு வரலாம் என்று பவுலிங் கூடத்தில் ஒருநாள் சொல்லியிருந்தால் எனக்குச் சிலை வைத்திருப்பார்கள். சொல்லவில்லை. நான் அதை உனக்குக் கொடுத்துவிட்டேன். அடக்கத்தன்று கோட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு நீ கேட்டாய், "அப்பா எப்பவாவது சிரிச்சிருக்காரா?" என்று. அன்றைக்கு என்னிடம் இருந்த நல்ல சிரிப்பு அது ஒன்றுதான்.

சாமியாரின் அறையில் நாடாவைக் கேட்டபோது வலது காதைக் கருவியோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். மற்ற மூன்றும் எனக்கு மழை பெய்கிற மாதிரி இருந்தது. மூன்றாவது மட்டும் கேட்டது, காதில் இல்லை, பல்லில். விசில் வந்ததும் சாமியார் என்னைப் பார்த்து, "ப்ரூனோ, இது நீயல்லவா?" என்றார். என் அண்ணன் என்றேன். கோயிலுக்குள் நின்றுகொண்டு சொன்னேன்.

இப்போது அந்த ஈஸ்டர். நியூயார்க்கிலிருந்து வந்ததும் அந்த ஜோக்கை முதலில் உன் அப்பாவிடம்தான் சொன்னேன். முகம் அசையவில்லை. கடைசியில், "உனக்குச் சொல்லத் தெரியலடா. பயகிட்ட சொல்லிக்கொடு. அவன் சொன்னாத்தான் இது ஜோக்காகும்" என்றான். அதனால்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். நானாக வந்து சொல்லவில்லை, அவன் அனுப்பி வந்தேன்.

நீ மேசையில் நடித்தாய். அவன் எழுந்து போனான். கோட்டு போடாமல் போகிறானே என்று நான் அதை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். பின்வாசல் கதவில் கண்ணாடி இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? திறக்கவில்லை, அதன் வழியாகப் பார்த்தேன். முதுகுதான் தெரிந்தது. இரண்டு ஊன்றுகோலையும் கக்கத்தில் கொடுத்து, தலையைக் குனிந்து நின்றிருந்தான். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. ஊன்றுகோல்களும் சேர்ந்து ஆடின. நான் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். குலுங்கி நின்ற பிறகு, மறுபடி குலுங்க ஆரம்பித்தது.

சத்தம் எனக்குக் கேட்கவில்லை. இருமலா, குளிரா, அழுகையா என்று நீ கேட்டால் என்னிடம் சாட்சி இல்லை. ஆனால் தோளைப் பார்த்துச் சிரிப்பு எது என்று சொல்ல இந்த பஃபலோவில் என்னை விட்டால் ஆள் கிடையாது. அது பெருமை இல்லை, அதை வைத்துத்தான் இருபத்தாறு வருஷம் ஓட்டினேன். பிள்ளை முன்னால் சிரித்தால் பிள்ளை கெட்டுவிடுவான் என்று நினைக்கிற ஆட்கள் இருந்தார்கள், க்ளெம். என் அண்ணன் அப்படி ஒரு ஆள்.

இதை நீ நம்புவாயா என்று எனக்குச் சந்தேகம்தான். நானாக இருந்தால் என்னை நம்பமாட்டேன். அடக்கத்தன்றே இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். கண்ணாடி வழியாக ஒரு முதுகைப் பார்த்தேன் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் நீ என்ன கேட்பாய்? சிரித்தாரா, காதால் கேட்டீர்களா என்பாய். கேட்கவில்லை என்று சொன்னால் என் காது போன விஷயம் வெளியே வரும். இதில் என் பயமும் கொஞ்சம் இருந்தது, எழுதிவிடுகிறேன்.

13-ஆம் தேதி எதை வேண்டுமானாலும் ஒட்டு. மூன்றாவதை ஒட்டினால், அது ப்ரூனோ பிலார்ஸ்கி என்று எழுத்தில் போடு, பார்க்கர் என்று வெட்டாதே. ஒன்றும் ஒட்டாமல் முதுகைக் காட்டி ஒரு ஆளை நிற்க வைத்தாலும் சரி, நான் புரிந்துகொள்வேன். பவுலிங் கூடத்தில் எல்லோருமாகப் பார்ப்போம். இயந்திரத்தை நிறுத்துவேன். டேசி போன் செய்தால் இந்தத் தடவை என் பேரைச் சொல்லி, அவள் கேட்பதைப் பீர் வண்டிக்காரனை எழுதிக் காட்டச் சொல்லி, பதில் சொல்கிறேன்.

நீ பெட்டிக்குள் போவாய் என்று அன்றைக்கே சொன்னது நிஜம். தழும்பு நிஜம். பஸ் போனது நிஜம், ஜோக் நிஜம், சிரிப்பு நிஜம், பின்வாசல் நிஜம். அந்த நாற்காலியில் உன் அப்பா இருந்தான் என்பது மட்டும் நான் கட்டியது.

ப்ரூனோ